ஊமைப்பாட்டுக்கு ஒரு சுரைக்குடுக்கை

மாட்டுத் தொழுவத்தில் சாக்கை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மடியில் டிரம்பெட். எதிரே நாலு சாமான்: ஒரு கொட்டாங்கச்சி, பழைய துண்டு, சிகரெட் டின், காய்ந்த சுரைக்குடுக்கை. கையில் பேனாக்கத்தி. வீட்டுக்குள்ளே என் மாமனார் செத்துக் கிடந்தார்.

வாசலில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ எடுப்பது என்று பங்குச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது. ஒப்பாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கும், புதிதாக யாராவது வந்ததும் மறுபடி கிளம்பும்.

லூர்தம்மாள் பசுவுக்குத் தண்ணீர் காட்ட வந்தாள். லூர்தம்மாள் என் சம்சாரம். செத்தவருக்கு ஒரே மகள். வீட்டில் பிணம் கிடந்தாலும் பசுவுக்குத் தாகம் எடுக்கத்தானே செய்யும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, சாக்கின்மேல் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இன்னைக்கி ஊமைப்பாட்டுத்தானே? இதெல்லாம் என்னத்துக்கு எடுத்து வச்சிருக்கீங்க?" என்றாள்.

 எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வேன். நான் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருவருக்குக் காப்பாற்றினால் மற்றவருக்குப் பொய்யாகிப் போகும். அதில் ஒருவர் பெட்டிக்குள் கிடந்தார். இன்னொருத்தி தண்ணீர் வாளியோடு எதிரே நின்றாள்.

இது விளங்க வேண்டுமானால் எங்கள் ஊர் பேண்டின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் எதையும் நேர்வழியில் சொன்னதில்லை என்பது இத்தனை வாரமாகப் படித்துவரும் உங்களுக்குத் தெரியாததா என்ன?

மனசுக்குள்ள வாசி

ஆவூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் மாமனார் ஞானாதிக்கம் தையல்காரர். ஆனால் ஊரில் அவரை யாரும் டெய்லர் என்று கூப்பிட்டதில்லை. மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். வாலிபத்தில் வடக்கே ஏதோ ஒரு பட்டாளத்து பேண்டில் பெரிய டிரம் அடித்தவர். ஊருக்குத் திரும்பி வரும்போது ஒரு டிரம்பெட்டும், அச்சடித்த இங்கிலீஷ் சுரத் தாள்கள் ஒரு கட்டும், ஏழூருக்குப் பங்கு வைக்கக்கூடிய கர்வமும் கொண்டுவந்தார். அதை வைத்தே மாதா கோயிலுக்கு ஒரு பேண்டு கட்டினார்.

அந்தத் தாள்கட்டில் சவ ஊர்வலத்தில் வாசிக்கிற ஒரு சாவு மார்ச் இருந்தது. நல்ல மார்ச். அதன் நடுவில் டிரம்பெட்டுக்கு என்று ஒரு தனி வாசிப்பு. அதற்கு மேலே இரண்டே வார்த்தை அச்சாகியிருந்தது: சோலோ, மியூட்.

சோலோ என்றால் தனியாக என்று மாஸ்டருக்குத் தெரியும். மியூட் தெரியாது. பட்டாளத்தில் அந்த மார்ச்சை அவர் கேட்டதே இல்லை. டிரம் அடிக்கிறவன் டிரம்பெட்காரன் என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்க்கவும் முடியாது. ஆகவே இலுப்பூர்ச் சந்தைக்குப் போனபோது ஒரு வாத்தியாரிடம் கேட்டிருக்கிறார். வாத்தியார் "ஊமை" என்றார். வாத்தியார் சொன்னதில் தப்பே இல்லை. மியூட் என்றால் ஊமைதான்.

தீர்ந்தது விஷயம். அந்த இடத்தில் டிரம்பெட் தனியாக ஊமையாக நிற்க வேண்டும் என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார்.

நான் பேண்டில் சேர்ந்த புதிதில், நிற்பதுதான் வேலை என்றால் சுரத்தை ஏன் அச்சடித்தார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"மனசுக்குள்ள வாசிக்கத்தான்டா. வாய் வாசிக்கக் கூடாது. விரலு வாசிக்கணும்."

அப்படியே வாசித்தேன். கிளாரினெட்டும் யூபோனியமும் மெல்லிசாகச் சுரத்தை இழுத்துப் பிடிக்கும். டிரம் ஒற்றை ஒற்றையாக விழும். நான் டிரம்பெட்டைத் தூக்கி உதட்டில் வைத்துக்கொண்டு, ஊதாமல், விரலை மட்டும் அமுக்கிக்கொண்டு நிற்பேன். எனக்கே மனதுக்குள் உறுத்தும். சோற்றைப் போட்டுக் குழம்பு ஊற்றாமல் விட்ட இலை மாதிரி இருக்கும் அந்த இடம். மாஸ்டரோ கண்கொட்டாமல் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்ததும் ரெண்டாவது வரியில் ஒரு சுரத்தைக் கொன்றுவிட்டாய் என்று ஏசுவார். வாசிக்காத சுரத்தைத் தப்பாக வாசித்ததற்கு ஏச்சு வாங்கிய டிரம்பெட்காரன் இந்தப் பூமியில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வேலியைத் தள்ளிப் போட்டவர்

தப்பு என்றால் அது தப்பாகவே கிடக்குமா? எங்கள் ஊர் அதைத் தூக்கி ஒரு காரியத்துக்கு வைத்துக்கொண்டது.

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கல் மேடை உண்டு. பெட்டியை அதில் இறக்கி வைக்கும்போது மார்ச்சில் சரியாக அந்த இடம் வரும். பாட்டு இல்லாமல் ஒரு முனகல் மட்டும் கேட்கிற அந்த நேரத்தில், செத்தவருக்குக் காது கேட்கும் என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. உயிரோடு இருந்தபோது சொல்லாமல் விட்டதை எல்லாம் பெட்டிக்கு மேல் குனிந்து சொல்லுவார்கள். அதற்கு ஊமைப்பாட்டு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சாமியார் அதைச் சரி என்று சொன்னதுமில்லை, தடுத்ததுமில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அங்கே சொல்லுவதை மூன்றாம் மனிதர் கேட்கக் கூடாது என்பது வழக்கம். என்னைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தால் நான் காதைக் கழற்றி எங்கே வைப்பேன்? ஒருத்தர் தன் அண்ணன் பெட்டியிடம், "வேலியத் தள்ளிப் போட்டது நான்தாண்ணே" என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். அடுத்த வாரமே அந்த வேலியை அவரே பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார். ஊரில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் படவில்லை.

வெளியூர்க்காரர்களும் கேள்விப்பட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இலுப்பூரில் கடலைக்காய் வியாபாரி ஒருவர், நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர், தகப்பனார் சாவுக்கு எங்களை வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். வேறு எதையும் நீங்கள் வாசிக்க வேண்டாம், மேளகாரர்கள் இருக்கிறார்கள், அந்த ஊமைப்பாட்டை மட்டும் சுடுகாட்டில் வாசித்துவிட்டுப் போங்கள் என்றார். வாசித்தோம், அதாவது நான் நின்றேன். அவர் தகப்பனாரிடம் என்ன பேசினாரோ, திரும்பி வரும்போது முகம் கழுவினாற்போல இருந்தார்.

எனக்குப் பெண் கொடுத்த காரணம்

இப்போது என் கல்யாணத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டாம், பந்தி விவரமெல்லாம் எழுதப் போவதில்லை.

லூர்தம்மாள் எட்டாவது வரை படித்தவள். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய டீச்சர் டிரெயினிங்கில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. டிரங்குப்பெட்டி வாங்கி, பெயர்கூட எழுதியாகிவிட்டது. அதே சமயம் நானும் பினாங்குக்குக் கப்பல் ஏற்றிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் போனார்கள்.

மாஸ்டருக்கு இரண்டு செய்தியும் ஒரே வாரத்தில் எட்டியிருக்கிறது. மகள் போனால் வீடு காலி. நான் போனால் பேண்டு காலி. உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஒரே தாலியில் இரண்டு பயணத்தையும் நிறுத்திவிட்டார்.

எனக்கு அதில் லாபம். சும்மா சொல்லக் கூடாது, பினாங்கு போயிருந்தாலும் இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்திருக்க மாட்டாள். நட்டம் அவளுக்கு. இந்த வரியைப் படித்துவிட்டு, 'நட்டமுன்னு நான் எப்ப சொன்னேன்?' என்று இப்போதுகூட என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்லவில்லை என்பதுதான் விஷயமே.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் தகப்பனாரோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவருக்குப் பிடித்ததைத்தான் சமைப்பாள். ஆனால் ரசம் ஊற்றவா என்று என்னைக் கேட்கச் சொல்லுவாள். அவரும் கொஞ்சம் போதும் என்று என்னிடம் சொல்லுவார். இரண்டு பேரும் ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில். நடுவில் தந்திக்கம்பி மாதிரி நான்.

மாஸ்டர் பேச்சில் கெட்டிக்காரர். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். அதில் நியாயம் இருக்கிறதோ இல்லையோ, கேட்டவர் வாயடைத்துப் போவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் லூர்தம்மாளிடம், மனதில் உள்ளதை அவர் முகத்துக்கு நேரே கேட்டுத் தொலைத்துவிடேன் என்றேன். புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவே இல்லை.

"உசுரோட இருக்கையில கேட்டா பதில் சொல்லியே என்னைய மடக்கிப்புடுவாரு. ஏன் என்னைய ஒரு வார்த்த கேக்கலன்னு அவருகிட்ட நான் கேக்கணும். ஊமைப்பாட்டுல கேட்டுக்கிறேன். அப்ப அவரு பேச முடியாதுல்ல. அன்னைக்கி நீங்க சத்தம் காட்டாம நில்லுங்க, அது போதும் எனக்கு."

நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சும்மா நிற்பதற்கு வாக்குக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

பொன்மலையில் ஒரு ஜலதோஷம்

அப்புறம் உலக யுத்தம், அந்தச் சண்டைக் காலம் வந்தது. பினாங்கிலிருந்து கடிதம் வருவது நின்றது. மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்றோம். பித்தளை பாலிஷ் கிடைக்காமல் எங்கள் வாத்தியங்களைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம்.

அந்த நாளில் ஒரு தடவை பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். கோயிலுக்குப் போக வர நாங்கள் வாசித்தோம். சாயங்கால விருந்துக்கு ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்களின் பேண்டு ஒன்று வந்திருந்தது. அதில் டிரம்பெட் வாசித்தவர் பாதிப் பாட்டில் கீழே குனிந்து, கோன் மாதிரி ஒரு அலுமினிய சாமானை எடுத்து டிரம்பெட்டின் வாயில் செருகினார். செருகிக்கொண்டு வாசித்தார். ஜலதோஷம் பிடித்தவன் பாடினாற்போல ஒரு சத்தம் வந்தது. ஆனால் ஜலதோஷம் பிடித்தவன் அவ்வளவு உருக்கமாகப் பாடி நான் கேட்டதில்லை.

நான் கிட்டே போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். வாசித்து முடித்ததும் அவர் அந்தச் சாமானை என் கையில் கொடுத்தார்.

"என்ன மேன் அப்டி பாக்கறே? மியூட் மேன், மியூட்."

எனக்குக் காதுக்குள் டிரம் அடித்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே வெறும் கூடு. செருகும் பக்கம் திறந்திருந்தது, அகலமான பக்கம் மூடியிருந்தது. மேலே மூன்று கார்க் துண்டு ஒட்டியிருந்தது. கார்க் மட்டும்தான் டிரம்பெட்டின் உட்புறத்தைத் தொடும். நடுவில் உள்ள சந்து வழியாகக் காற்று கசிந்து வரும். அவ்வளவுதான். ஊமை என்றால் வாயைக் கட்டுவது இல்லை, குரலை அடக்குவது.

மாட்டு வண்டியில் ஊர் திரும்பும்போது மாஸ்டரிடம் சொன்னேன். உளறாதே என்றார்.  பிறகு சில நாள் அவர் வீட்டில் தையல் மிஷின் சத்தமே கேட்கவில்லை. நான் செய்யக் கூடாத காரியத்தைச் செய்துவிட்டதுபோல வருத்தப்பட்டுக்கொண்டிருக்கையில் ஒரு மத்தியானம் வந்து நின்றார். கையில் கொட்டாங்கச்சி.

"மாப்ள, இத வச்சு ஊதிப் பாருங்க" என்றார்.

கண்மாய்க் கரையில்

ஆட்கள் இல்லாத இடம் என்று கண்மாய்க் கரைக்குப் போனோம். அந்தக் கோடை முழுவதும் அதே வேலை. அதுதான் நானும் என் மாமனாரும் சிரித்துப் பேசி இருந்த ஒரே காலம் என்று சொல்ல வேண்டும்.

கொட்டாங்கச்சியை இடது கையால் டிரம்பெட்டின் வாய்க்கு முன்னே பிடித்து ஊதினால் 'வா... வா...' என்று யாரையோ கூப்பிடும். மூடித் திறந்தால் இன்னும் மோசம், அழுகிற பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவதுபோல இருக்கும். சாவு வீட்டில் இதை வாசித்தால் உதைதான் விழும் என்றார் மாஸ்டர். தவிர, டிரம்பெட்டைத் தாங்குவதே இடது கை. அதை எடுத்துவிட்டால் டிரம்பெட் உதட்டில் நிற்காமல் ஆடுகிறது.

அடுத்து துண்டு. சுருட்டித் திணித்தேன். சத்தம் அடங்கியது, சரி. ஆனால் சுருதி மேலே ஏறிக்கொண்டு யூபோனியத்தோடு சேராமல் நின்றது. டிரம்பெட்டின் சுருதிக் குழாயை வெளியே இழுத்துச் சரிசெய்து பார்த்தோம். கீழ்ச் சுரங்கள் மூச்சு முட்டிச் செத்தன.

சிகரெட் டின் மாஸ்டரின் யோசனை. பேண்டு உடுப்பின் காலர் வெல்வெட்டை வெட்டி அதன்மேல் சுற்றித் தைத்தார். தையல்காரர் அல்லவா, அதற்கு ஓரம் மடித்து அலங்காரத் தையல் வேறு. ஊதினால் தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி இரைந்தது. அந்தச் சத்தம் கண்மாயின் அக்கரை வரை போனது. அங்கே துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டிரம்பெட்டைச் சற்றே தாழ்த்தினேன். டின் கழன்று விழுந்து கரைச் சரிவில் உருண்டோடி, போட்ட தையலோடு தண்ணீரில் இறங்கியது. மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தார். வந்ததும் இரண்டு பேரும் மூச்சு விட முடியாமல் சிரித்தோம்.

சுரைக்குடுக்கை என்னுடைய யோசனை. விதை கட்டி வைக்கிற சின்னக் குடுக்கை ஒன்றின் கழுத்தை அறுத்து, உள்ளே சொரசொரப்பை எல்லாம் சுரண்டி எடுத்தேன். கழுத்து உள்ளே போகும், வயிறு வெளியே நிற்கும். ஆனால் கார்க்குக்கு எங்கே போவது? சண்டைக் காலத்தில் மருந்துக்கடைக்காரர்கூடக் காலிப் பாட்டில் கொண்டுவந்தால்தான் மருந்து கொடுத்தார். மணமேல்குடிப் பக்கம் ஒரு மாதா திருவிழாவுக்கு வாசிக்கப் போனபோது, கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் வலை மிதக்கக் கட்டும் மிதப்புக்கட்டை ஒன்று கேட்டு வாங்கினேன். பஞ்சுபோல லேசான கட்டை. அதைச் சீவி மூன்று ஆப்பாக்கி, தச்சர் ஒட்டுகிற வச்சிரம் போட்டு ஒட்டினேன்.

அது பேசியது. டின் மாதிரி இரையவில்லை, கொட்டாங்கச்சி மாதிரி கூப்பாடு போடவில்லை. மரத்தில் பிறந்த சத்தம் மாதிரி ஒரு கனம். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தனி வாசிப்பு முழுவதையும் கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் இது உள்ளேயே கிடந்ததா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 

அவர் கேட்டது

அடுத்த சாவுக்கு அதை வாசிப்பது என்று முடிவு. ஒரு கிழவர் செத்தார். பெட்டியை இறக்கினார்கள், நான் குடுக்கையைக் கையில் எடுத்தேன். அதற்குள் அவர் மகள் பெட்டிமேல் விழுந்து மடமடவென்று பேச ஆரம்பித்துவிட்டாள். மாஸ்டர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். நான் பழையபடி விரலை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மார்கழிப் பனியில் நெஞ்சில் சளி கட்டி எங்கள் வீட்டில் வந்து படுத்தபோதுதான் எடுத்தார். லூர்தம்மாள் கஞ்சி வைக்க அடுப்படிக்குப் போயிருந்தாள்.

"மத்தவங்களுக்கு வேணாம் மாப்ள. அவங்க அந்த எடத்துல குடியேறி ரொம்ப நாளாச்சு, காலி பண்ணச் சொல்ல நாம யாரு? எனக்கு மட்டும் அதுல உள்ளபடி வாசிச்சுருங்க. நான் கேக்கணும்."

செத்த பிறகு எப்படிக் கேட்பீர்கள் என்று அவர் மனதை மாற்றுவதற்காகக் கேட்டேன். மகளும் என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"எல்லாரும் கேக்குறாங்கன்னுதானே ஊரே பேசிக்கிட்டிருக்கு? எனக்கு மட்டுமா கேக்காமப் போயிரும்?" என்றார்.

கடைசிவரை பதில் தயாராகத்தான் வைத்திருந்தார். சரி என்று சொல்லிவிட்டேன்.

வெயில் தாழ

தொழுவத்துக்கு வருவோம். லூர்தம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பசு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு வாசிக்கப் போறீங்களா, எனக்கு நிக்கப் போறீங்களா?"

"ரெண்டும் செய்யப் பாக்குறேன்."

"அது எப்புடி?"

எனக்கும் தெரியவில்லை. அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபமாகப் போயிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கொட்டாங்கச்சி, துண்டு, டின் மூன்றையும் ஓரமாக ஒதுக்கினேன். குடுக்கை ஒன்றுதான் வழி. ஆனால் கண்மாய்க் கரையில் வாசித்த கனத்தில் வாசித்தால் பெட்டிமேல் குனிந்திருப்பவள் பேச்சு எடுபடாது. அதை இன்னும் தாழ்த்த வேண்டும். ஆப்புகளைச் சீவினால் குடுக்கை உள்ளே இறங்கும், சந்து குறையும், சத்தம் அடங்கும். ரொம்பச் சீவிவிட்டால் காற்றுக்கு வழியில்லாமல் சுரம் உடைந்து பொரியும். பொரிந்தால் அவளுக்குப் பேச்சும் இல்லை, அவருக்குப் பாட்டும் இல்லை. வேறு கட்டை வாங்க மணமேல்குடிக்கு ஓடவும் முடியாது.

ஊதிப் பார்க்க வழியில்லை, பார்த்தால் ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். ஆகவே ஒரு சீவல் சீவுவேன், குடுக்கையைச் செருகி உதட்டை இறுக்காமல் வெறும் மூச்சை விடுவேன், விளிம்பில் உள்ளங்கையை வைத்து எவ்வளவு காற்று வருகிறது என்று பார்ப்பேன். மறுபடி ஒரு சீவல். சீவல் ஒவ்வொன்றும் வெங்காயத் தோல் கனம்தான்.  கடைசியில் உள்ளங்கையில் காற்று பட்டும் படாமலும் இருந்தது. கத்தியை மடக்கிவிட்டேன். சுருதி ஏறும் என்று கணக்குப் பண்ணிக் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தேன். அதுவும் குத்துமதிப்புத்தான்.

மருமகன் பேண்டு வாசிக்கலாமா என்று வாசலில் சிலர் முணுமுணுத்தார்கள். வேறு டிரம்பெட் இந்த ஊரில் ஏது என்றதும் அடங்கிவிட்டார்கள்.

கல் மேடையில் பெட்டியை இறக்கினார்கள். கிளாரினெட்டுகள் இழுத்துப் பிடித்தன. கோட்டுக்குள்ளிருந்து குடுக்கையை எடுத்துச் செருகினேன். லூர்தம்மாள் பெட்டியின் தலைமாட்டில் குனிந்து நின்றாள்.

முதல் சுரத்துக்கு வெறும் காற்றுதான் வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். வயிற்றை எக்கி இரண்டாவதைப் பிடித்தேன். வந்தது. எனக்கும் பெட்டிக்கும் நடுவில் மட்டும் கேட்கும் அளவுக்கு வந்தது. சுற்றி நின்றவர்கள் அவரவர் பேச வேண்டியதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். யூபோனியக்காரர் மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

லூர்தம்மாளின் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்தவள் அப்படியே நின்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.  அதற்குப் பிறகு நான் விரலைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கடைசியில் வரும் மேல் சுரம் பொரியும் என்று பயந்தேன். நூல் மாதிரி வந்து நின்றது. பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

 அன்றைக்கு வீடு நிறைய ஜனம். மறுநாள் விடிந்து, எல்லோரும் போன பிறகு, கிணற்றடியில் சாவுக்கு வந்த பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். என்னால் கெட்டுப்போயிற்றா என்று கேட்டேன். எவ்வளவு சீவ முடியுமோ அவ்வளவு சீவினேன், அதற்குமேல் என்னால் தாழ்த்த முடியவில்லை என்றேன்.

"கேக்க வந்தத கேக்கல. அது அப்புடியே எங்கிட்டதான் இருக்கு" என்றாள்.

 அவள் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவரு அம்புட்டு மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்லங்க. குறுக்க பேச மனசு வரல."

சொல்லிவிட்டுச் சாம்பல் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் செத்ததற்கு அப்போதுதான் அழுதாள்.